பிறந்த தேதி மட்டும் கேட்கும் பூட்டு: 18+ வி.ஆர். கேம் வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பழனி ரோட்டில் ஒரு வீடு. பெங்களூரு கம்பெனி வேலையைத் திண்டுக்கல்லில் இருந்தபடியே பார்க்கும் 27 வயது இளைஞர், சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டரில் ஸ்டீம் தளத்தைத் திறந்து, வயது வந்தோருக்கான சிமுலேஷன் கேம் ஒன்றைத் தேடுகிறார். செட்டிங்ஸில் ஒரு டிக், திரையில் ஒரு கேள்வி: பிறந்த தேதி என்ன? ஏதோ ஒரு வருஷத்தைத் தட்டுகிறார். கதவு திறந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. பிரியாணி முடிந்து பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரம். லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன், ஏழாம் வகுப்பு, "மாமா, நான் ஒரு ரவுண்டு போட்டுக்கவா?" என்கிறான். "போட்டுக்கோடா" என்கிறார் மாமா. லிஸ்ட்டில் முதலில் நிற்பது நேற்று ராத்திரி விளையாடிய கேம்.

செல்போன் என்றால் பையன் என்ன பார்க்கிறான் என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிடலாம். ஹெட்செட்டில் அது நடக்காது. கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு அவன் வேறு ஒரு அறையில் நிற்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது கை அசைவு மட்டும்தான்.

இந்த வகை கேம்களைப் பற்றி நெட்டில் கிடைக்கும் ரிவ்யூக்களில் பெரும்பாலானவை கிராஃபிக்ஸ் எப்படி, தலைசுற்றுகிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பேசுகின்றன. இன்னொரு பக்கம், 'இது ஆபாசமா இல்லையா' என்ற பழைய சண்டை. இரண்டும் இருக்கட்டும். காசு கொடுப்பவர் முதலில் பார்க்கவேண்டியது வேறு: கேமுக்குள் யாரெல்லாம் நுழைய முடியும்? ஹெட்செட் எடுக்கும் உடம்புத் தகவல் எங்கே போகிறது?

ரம்மிக்கு ஆதார், இதற்கு ஒரு டிக்

தமிழ்நாட்டில் ஒரு விநோதம் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகளின்படி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியில் நுழைய ஆதார் சரிபார்ப்பு, அதற்கு மேல் ஓ.டி.பி. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டமே கிடையாது. கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அதே ஆகஸ்ட்டில் ஒன்றிய அரசு ஒரு படி மேலே போய், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களையே சட்டம் போட்டுத் தடை செய்தது.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே பணப் பந்தயத்தைக் குறிவைத்தவை. பந்தயம் இல்லாத 18+ கேம், எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும், அந்த ஆதார் கேட்டுக்குள் வராது. சினிமாவுக்குத் தணிக்கை வாரியத்தின் 'ஏ' சான்றிதழ் இருக்கிறது. ஓ.டி.டி.க்கு 2021 ஐ.டி. விதிகள் யு/ஏ 7+, 13+, 16+ என்று முத்திரை குத்தச் சொல்கின்றன. கேம்களுக்கு அப்படி வயது முத்திரை குத்தும் இந்திய அமைப்பு இல்லை. கடைசியில் காவலுக்கு நிற்பது பிறந்த தேதிக் கட்டம்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இருந்து பார்த்தால், எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் இதைப் பூட்டு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. பிரிட்டனில் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, 2025 ஆகஸ்ட் முதல் அங்குள்ள ஸ்டீம் பயனர்கள் இத்தகைய கேம்களின் பக்கத்தைப் பார்க்கவே கிரெடிட் கார்டு காட்டவேண்டும். அதே தளம், அதே கேம். திண்டுக்கல்லுக்கு ஒரு கதவு, லண்டனுக்கு ஒரு கதவு.

எங்கே விற்கிறார்கள்?

மெட்டா குவெஸ்ட் ஹெட்செட்டின் அதிகாரபூர்வ ஸ்டோரில் முழுக்க வயது வந்தோருக்கான ஆப்களுக்கு இடமில்லை. ஸ்டீம் 2018 செப்டம்பரில் இருந்து அனுமதிக்கிறது. மீதி எல்லாம் ஸ்டோருக்கு வெளியே இருந்து ஃபைலாக இறக்கி ஏற்றிக்கொள்வது. ஆபத்து அதிகம் உள்ள வழி இதுதான். யார் செய்தது, உள்ளே வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பிரச்சினை வந்தால் பணம் திரும்பக் கேட்கவும் இடமில்லை.

விலை உயர்ந்த ஹெட்செட் இருந்தால்தான் இந்தக் கவலை என்றும் நினைக்கவேண்டாம். 2023-ல் ஜியோ விட்ட 'ஜியோ டைவ்' கருவியின் விலை 1,299 ரூபாய். போனை உள்ளே சொருகினால் வேலை முடிந்தது. அப்பா போனே ஹெட்செட் ஆகிவிடுகிறது.

சட்டம் எங்கே பிடிக்கும்?

ஒரு பெரியவர் தன் அறையில் தனியாக விளையாடுவது குற்றமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான் தண்டிக்கின்றன. 67ஏ-யின் கீழ் முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'மச்சான், அந்த ஃபைலை அனுப்புடா' என்று கேட்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதும் 'அனுப்புவது'தான். வீட்டுக்குள் என்பதால் குழந்தைக்குக் காட்டலாம் என்பதும் இல்லை. ஆபாசப் பொருளைக் குழந்தைக்குக் கொடுப்பதும் காட்டுவதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 295-வது பிரிவில் தனிக் குற்றம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. சில கேம்களில் பாத்திரம் பார்க்கப் பள்ளிப் பிள்ளை போலவே இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'எல்லாப் பாத்திரங்களுக்கும் 18 வயது முடிந்தது' என்று ஒரு வரி. போக்சோ சட்டத்தில் 2019-ல் சேர்த்த விளக்கம், குழந்தையைச் சித்திரிப்பதுபோல் தோன்றும்படி உருவாக்கிய படங்களையும் கணக்கில் எடுக்கிறது. அந்தப் பொடி எழுத்து கோர்ட்டில் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்கில்தான் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோவில் குற்றமாகலாம் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்பை ரத்து செய்தது. இப்படி ஒரு கேம் கண்ணில் பட்டால், ரிவ்யூ எத்தனை ஸ்டார் என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

தலை அசைவே அடையாள அட்டை

வீடியோ பார்ப்பவரைப் பற்றித் தளத்துக்குத் தெரிவது அவர் எதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது. ஹெட்செட் போட்டவரைப் பற்றி அதைவிட அதிகம் தெரியும்: உயரம், கை நீளம், எந்தக் கைக்காரர், எதைக் கண்டு பின்வாங்கினார். கண் அசைவைப் பதிவு செய்யும் மாடல்களில், பார்வை எங்கே நின்றது என்பதும் சேரும்.

இது கற்பனைப் பயம் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல், 'பீட் சேபர்' என்ற சாதாரண தாள விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். தலையும் கையும் அசைந்த விதத்தை 100 விநாடி பார்த்தாலே, ஆள் இன்னார் என்று 94 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. வெறும் 10 விநாடிக்கு 73 சதவீதம். புனைபெயரில் கணக்குத் தொடங்கினால் போதும் என்று நினைப்பவர் இந்த எண்களை இன்னொரு தடவை படிக்கலாம். தாள விளையாட்டில் இந்தத் தகவல் கசிந்தால் பெரிய நஷ்டமில்லை. 18+ கேமில் கசிந்தால் அது ஒருவரின் அந்தரங்க விருப்பங்களின் பட்டியல். சின்ன ஊரில் மிரட்டிப் பணம் பறிக்க அது போதும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலை எடுக்க, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். இந்தியர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் உண்டு.

தனி ஆட்டமா, பலர் கூடும் இடமா?

பலர் கூடும் வி.ஆர். உலகங்களில் எதிரே நிற்பது பொம்மை இல்லை, மனிதர். 2021-லேயே மெட்டாவின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' சோதனைப் பதிப்பில், தன் உருவத்தை ஒருவர் அத்துமீறித் தொட்டதாக ஒரு பெண் புகார் செய்தார். 2022 பிப்ரவரியில் மெட்டா, உருவங்களுக்கு இடையே ஏறக்குறைய நான்கடி இடைவெளி விடும் வசதியைக் கொண்டுவந்தது. அத்தகைய வேலி, மியூட், பிளாக் எதுவும் இல்லாத பொது அறைகளைக் கொண்ட 18+ கேமைத் தவிர்ப்பதே நல்லது. எதிரே நிற்பவரின் வயதும் அதே பிறந்த தேதிக் கட்டத்தைத் தாண்டி வந்ததுதான்.

வாங்கியே தீருவது என்றால் வேலை அரை மணி நேரம்தான். ஹெட்செட்டுக்கு அன்லாக் பேட்டர்ன் போட வேண்டும். ஸ்டீமில் கேமை 'பிரைவேட்' ஆக்கலாம். வீட்டுப் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, ஸ்டீம் ஃபேமிலிஸ் வழியாக எந்த கேம் தெரியவேண்டும் என்று தீர்மானிக்கலாம். ஹாலில் இருக்கும் டி.வி.யோடு ஹெட்செட் திரை இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது மானத்தைக் காப்பாற்றும். நெட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. தனி ஆட்டம் என்று விற்கும் கேம் ஆன்லைன் இல்லாமல் திறக்கவே மறுத்தால், ஏன் என்று கேட்கவேண்டும். மைக், கேமரா அனுமதியைக் காரணம் சொல்லாமல் கேட்டாலும் அதேதான். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்தச் சோதனைகளை அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடித்துவிட முடியும்.