பொன் மையும் ஒலிபெருக்கியும்

இஸ்லாமியக் கலை என்று நமது சஞ்சிகைகளில் ஒரு கட்டுரை வந்தால் அது பெரும்பாலும் பாரசீக அரசவையில்தான் போய் நிற்கும். சபவி மன்னரின் ஃபர்மான், அதன் தலைப்பில் துக்ரா, பொன் தூவிய தாள், நஸ்தலீக் எழுத்தின் நளினம் என்று விவரித்து, 'இதுவே நம் மரபு' என முடிப்பார்கள். அந்த முடிவை நான் மறுக்கிறேன்.

அழகை மறுக்கவில்லை. அது யாருக்கு ஊழியம் செய்தது என்று கேட்கிறேன். ஃபர்மான் என்றால் கட்டளை. அது ஒருவருக்கு நிலத்தைக் கொடுக்கும். இன்னொருவரிடம் வரியைப் பிடுங்கும். அரச எழுத்தர்கள் தஃலீக்கில் சொற்களைப் பின்னிப் பிணைத்து எழுதியது அழகுக்காக மட்டுமன்று. இடையில் எவரும் ஒரு சொல்லைச் செருகிவிடாதிருக்கவும்தான். பூட்டு எவ்வளவு அழகாயிருந்தாலும் பூட்டுத்தானே!

பாரசீகத்தில் பொறித்த அரச சாசனம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லைச் சீனப் பேரரசரின் பெயரால் கொண்டுவந்தவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தளபதி செங் ஹே. 1911இல் அது காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாருக்கு 1000 கழஞ்சு பொன்னும் 5000 கழஞ்சு வெள்ளியும் காணிக்கை என்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. மூன்றிலும் அதிகம் சிதைந்தது அதுவே. அங்கே தமிழுக்கும் பாரசீகத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்ததற்குக் காரணம் இந்தக் கடலில் வணிகம் செய்த மக்கள். பாரசீகம் நம்மிடம் துறைமுகத்தின் வழியாக வந்தது. அரசவையின் வழியாக அன்று.

எங்களுக்கு வந்த ஆணையில் துக்ராவும் இல்லை, பொன் மையும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: முஸ்லிம்கள் வெளியேற வேண்டும். சில நாட்களுக்குள் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. வள்ளமேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனவர்கள் பைக்குள் எதை வைத்தார்கள்? காணி உறுதியை, காவினை. சிலர் உம்மம்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபை. காவின் என்ற சொல்லே மஹரைக் குறிக்கும் பாரசீகக் 'காபீன்' தந்தது. நம் வீட்டுக்குள் வாழும் பாரசீகம் அதுதான்.

2009இல் யுத்தம் முடிந்து திரும்பியபோது, உறுதியைத் தொலைத்தவர்கள் சொந்த வளவைத் தமது என்று காட்டவே தவித்தார்கள். எந்த எழுத்து நமக்கு உயிர் என்பதை அன்று படித்தோம். படித்ததை மறந்துவிட்டு மறுபடியும் மன்னர்களின் தாளுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம்.

எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஃபர்மானின் படத்துக்குக் கொடுக்கும் பக்கத்தில் ஒரு முறை ஓர் அரபுத்தமிழ்க் கடிதத்தைப் போடுங்கள்; பழைய காவின் ஒன்றைப் போடுங்கள். அவற்றை வாசித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தில் ஒரு வரியும் தெரியாது. மன்னர்களின் தாள்களைக் காக்க உலகமெங்கும் நூதனசாலைகள் உண்டு. உம்மம்மாவின் பெட்டிக்கு நம்மை விட்டால் யார் உண்டு?