வளரி திரும்பி வராது

எங்கள் பக்கம் திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் வளரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்க மாட்டார். எறிந்தால் எதிரியின் தலையைச் சீவிவிட்டு, எறிந்தவர் கைக்கே வந்துவிடுமாம். கைதட்டல் அள்ளும். நானும் தட்டியவன்தான். முப்பது வருடம் கரும்பலகையில் விசையும் வேகமும் வரைந்த இயற்பியல் வாத்தியார் நான். ஒரு வளரியைச் செய்து எறிந்து பார்க்க, பணி ஓய்வு பெறும்வரை எனக்குத் தோன்றவில்லை.

முதல் வளரியை வேப்பம்பலகையில் பிறை வடிவம் வரைந்து அறுத்தேன். வற்றிய கண்மாய்க்குள் மூன்றாவது எறியிலேயே வளைவில் இரண்டாக முறிந்தது. ஆசாரியிடம் கொண்டுபோனேன். முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவியவர், "நாரு குறுக்க ஓடுது சார், முறியாம என்ன செய்யும்? தானா வளைஞ்ச கிளையாப் பாத்து வெட்டிட்டு வாங்க" என்றார். புளியங்கிளை ஒன்று கிடைத்தது. நார் வளைவோடு சேர்ந்தே ஓடியது. ஒரு முனை கனமாக, பிடிக்கும் முனை ஒல்லியாகச் செதுக்கிக் கொடுத்தார். அது இன்றுவரை முறியவில்லை.

அது திரும்பியும் வரவில்லை. நானூறு தடவையாவது எறிந்திருப்பேன். சுழன்று போகும், வைக்கோல் பொம்மையில் விழும், இல்லாவிட்டால் தாண்டிப் புழுதியில் விழும். நடந்துபோய் எடுத்து வர வேண்டும். திரும்பி வர வேண்டுமானால் கட்டை லேசாக இருக்க வேண்டும். அதன் கைகள் இறக்கைபோல் சீவப்பட்டிருக்க வேண்டும். அடித்து வீழ்த்தச் செய்த கனமான கட்டைக்கு நேராகப் போவதுதான் வேலை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வேட்டைக்கு எறிந்த தடிகளும் பெரும்பாலும் திரும்பாதவையே.

இதனால் வளரியின் பெருமை குறைந்துவிடவில்லை. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுகளில், 1795இல் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதாக எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். நூறு கஜம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். என் புளியங்கட்டை இருபது அடி தூரத்தில் பத்துக்கு நாலு தடவை பொம்மையைத் தொடும். அவர்கள் கை என்ன கை என்று எனக்கு உறைத்தது அந்த நாலில்தான். மேடைப் பேச்சில் இல்லை. தனக்கு எறியச் சொல்லிக்கொடுத்தவரை எதிர்த்தே 1801இல் படையோடு வந்தார் வெல்ஷ். அந்த அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதோடு பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவும் கம்பெனி தடை போட்டது. கையிலிருந்து கைக்கு வந்த வித்தைக்குப் பிறகு ஏது வழி?

எறிந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று இருக்கிறது. பர்ன்ஸ்வார்க் என்ற குன்றில் ரோமானியப் படை கவணில் எறிந்த ஈயக் குண்டுகள் கிடைத்தன. சிறிய குண்டுகளில் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் துளை இருந்தது. எதற்கென்று புரியவில்லை. ஆய்வாளர்கள் அதேபோல் குண்டு வார்த்துக் கவணில் வைத்து எறிந்தார்கள். வண்டுபோல் இரைந்துகொண்டு பறந்தது. எதிரியைக் கதிகலங்க வைக்கும் ஏற்பாடாக இருக்கலாம் என்பது அதன் பிறகுதான் பிடிபட்டது.

கவண் நமக்கும் புதிதில்லை. தினைப்புனம் காத்தவர்கள் கையில் இருந்தது. மதுரைக் கோட்டை மதிலில் கல் எறியும் கவண் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நானும் கயிறு பின்னிச் சுழற்றினேன். ஒரு நொடி தாமதமாக விட்டேன். கல் பின்பக்கம் பறந்து என் பைக்கின் முகப்பு விளக்கை உடைத்தது. வட்டத்தில் சுழலும் பொருள் விட்ட கணத்தில் தொடுகோட்டில் போகும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்! அன்றிலிருந்து நானும் என்னோடு கண்மாயில் எறியப் பழகும் பிள்ளைகளும் எறிவது காய்ந்த களிமண் உருண்டைதான். எறிபவருக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. பறவையையோ அணிலையோ குறிவைத்தவனுக்கு மறுநாள் கண்மாயில் இடமில்லை.

"பிள்ளைகளுக்கு ஆயுதம் பழக்குகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். ஈட்டி எறிதல் பள்ளி விளையாட்டு விழாவிலேயே இருக்கிறது. கோடு போட்டு, கொடி காட்டி, ஆசிரியர் நின்று நடத்துகிறோம். அதே ஒழுங்கில் வளரியையும் கவணையும் நடத்த முடியாதா?

ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வளரியைப் பார்த்தேன். அட்டையில் பெயர் மட்டும் இருந்தது. எடை எவ்வளவு, என்ன மரம், கனம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நம்மிடம் மிஞ்சியிருக்கும் வளரிகளை நிறுத்து, அளந்து, படம் வரைந்து அச்சிடுங்கள். செலவு அதிகமில்லை, ஒரு தராசும் ஓர் அளவுகோலும் போதும். எங்கள் ஆசாரி மீதியைப் பார்த்துக்கொள்வார்.