வாக்காளர் இடாப்பில் எமது ஊர்

பாராளுமன்றத் தேர்தல் என்றால் எம்மவர் மத்தியில் ஓரளவு பேச்சிருக்கும். பிரதேச சபைத் தேர்தல் என்றால், "ஊரே இல்லை, பிறகு ஊருக்கொரு சபையோ?" என்ற கேள்விதான் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தக் காணியைக் கம்பி வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆயினும் யாழ்ப்பாண மாவட்டத்து விவசாயக் கிராமங்கள் தமது உள்ளூர் வாக்கை எவ்வாறு இழந்தன என்பதை அறிந்தால், அக்கேள்வியை வேறு விதமாகக் கேட்கத் தோன்றும்.

முதியோருக்குக் கிராமச் சபை நினைவிருக்கும். தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கை, பொதுக்கிணறு, சந்தை, சுடலை, வாசிகசாலை என்று அதன் வேலைகள் சிறியவைதான். சாதியும் செல்வாக்கும் அச்சபைகளில் நன்றாகவே விளையாடின. அவற்றைப் பொற்காலமென்று பாட நாம் வரவில்லை. ஆனால் மழைக்கு ஒழுங்கை உடைந்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் வீடு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. அடுத்த முறை அவரைத் தோற்கடிக்கவும் ஊரவருக்கு முடிந்தது.

1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை உருவாக்கியது. அதிகாரத்தைப் பரவலாக்கும் ஏற்பாடென்று அது சொல்லப்பட்டது. அச்சபைகள் வந்தபோது நாடெங்குமுள்ள 549 கிராமச் சபைகளும் 83 பட்டின சபைகளும் இல்லாதொழிந்தன. அவற்றின் கட்டிடங்கள் உப அலுவலகங்களாயின. மேலே ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லிக் கீழே உள்ளதை எடுத்துக்கொண்டார்கள் என்பதே எமது கருத்து.

யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைக்கு 1981 ஜூன் 4ஆந் திகதி தேர்தல் நடந்தது. அதற்கு முந்திய நாட்களை யாரும் மறக்கவில்லை. மே மாதக் கடைசியில் ஆளுங்கட்சியின் முதன்மை வேட்பாளர் சுட்டுக்கொல்லப்பட்டார். மே 31ஆந் திகதி கூட்டணியின் கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து நகரில் தீ வைப்புகள் நடந்தன. யாழ்ப்பாண நூல்நிலையம் எரிக்கப்பட்டது. வாக்கெடுப்பில் சில வாக்குப் பெட்டிகள் காணாமற்போயின. இத்தனைக்கும் நடுவே சனங்கள் போய் வாக்களித்தார்கள். தெரிவு செய்யப்பட வேண்டிய பத்து இடங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே பெற்றது.

அந்தச் சபைக்குக் கிடைத்தது என்ன? மாவட்ட அமைச்சர் கொழும்பிலிருந்து நியமிக்கப்பட்டார். அவர் தென்னிலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர். பணமும் அதிகாரமும் சொட்டுச் சொட்டாகவே வந்தன. இரண்டாவது தேர்தலை அச்சபை காணவேயில்லை. அதன் தேர்தல் வரலாறு முழுவதும் அந்த ஒரே நாளுக்குள் முடிந்துவிட்டது.

1983 மே மாதத்தில் வடக்கில் மாநகர, நகர சபைகளுக்குத் தேர்தல் வந்தது. அது பெருமளவில் பகிஷ்கரிக்கப்பட்டது. கிராமத்தவருக்கோ பகிஷ்கரிக்கவும் ஒரு சபை இருக்கவில்லை! 1988 ஜனவரியில் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன. தெற்கில் 1991இல் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் 1998 ஜனவரி 29ஆந் திகதிதான் நடந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கமக்காரர் தன் ஒழுங்கைக்காக வாக்களிக்கவில்லை. அந்த 1998இலேயே யாழ்ப்பாண மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் கொல்லப்பட்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். முல்லைத்தீவின் நிலை இன்னும் மோசம். புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபைகளின் தேர்தல் மீண்டும் மீண்டும் பின்போடப்பட்டு 2018 பெப்ரவரியில் நடைபெற்றது.

இனி எமது வாசகர்கள் பலரின் சொந்த இடமான வலிகாமம் வடக்குக்கு வருவோம். 1990 ஜூனில் வெளியேறிய குடும்பங்கள் மானிப்பாயிலும் மல்லாகத்திலும் வன்னியிலும் சிதறின. செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தாலும், இன்னும் திரும்ப முடியாத குடும்பங்கள் உள்ளன. இவர்களுடைய பெயர் எந்த இடாப்பில் இருக்க வேண்டும்?

சுலபமான விடையில்லை. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாயிடம் பாடசாலை கேட்பது வாக்காளர் இடாப்பின் பிரதியைத்தான். இருக்கும் இடத்தில் பதியாவிட்டால் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. பதிந்தால் ஊரில் பெயர் இல்லை. எந்தத் தாயும் பிள்ளையின் பக்கமே நிற்பாள், அவளைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் இவ்விதம் ஆயிரம் தாய்மார் முடிவெடுக்கும்போது ஓர் ஊரே இடாப்பிலிருந்து மறைகிறது. பெயர் குறைந்தால் வட்டாரம் சுருங்கும்; ஊருக்கென்று ஓர் உறுப்பினர் கிடைக்காமல் போகலாம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 என்று குறைந்து வந்ததும் இடாப்பிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையோடு தொடர்புடையதே.

இடம்பெயர்ந்தோர் பழைய முகவரியில் பதிவு கோருவதற்கு 2017ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒரு வழி திறந்தது. அது குறித்த காலத்துக்கான வழி. காணி திரும்பக் கிடைக்கும்வரை நீடிக்கும் ஏற்பாடே எமக்கு வேண்டும். அத்துடன், பாடசாலை அனுமதிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் இடாப்பைக் கேளாமல், கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்பத்திரத்தை ஏற்க வேண்டும். இவ்விரண்டையும் எமது பிரதிநிதிகளிடம் கேட்பதற்குக் கட்சி பார்க்க வேண்டியதில்லை. 2025 மே 6ஆந் திகதி தெரிவான சபைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாமே. அதற்குப் பெருஞ் செலவொன்றும் இல்லை.

அதுவரை, கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தை நிரப்புமுன் வீட்டிலுள்ள பெரியவர்களோடு இருந்து பேசுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீடுகள், முதியோர் மாத்திரம் வாழும் வீடுகள் ஊர்ப் பெயரை அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம். வரைவு இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது உங்கள் பெயரோடு பக்கத்துக் காணிக்காரரின் பெயரையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆட்சேபனைக்குரிய திகதி முடியுமுன் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.