வனமாந்தரின் கல்வி

கல்வி என்பது மக்கட்கே உரித்தானதென்றும், ஏனைய உயிர்கள் பிறவியிலேயே அமைந்த இயல்புணர்ச்சி ஒன்றைக் கொண்டே தம் வாழ்நாளைக் கழிக்கின்றனவென்றும் நம்மிற் பலர் கருதி வருகின்றனர். சிலந்தி வலை பின்னுதற்கு ஆசிரியன் வேண்டுவதில்லை யென்பர். இக்கருத்து சில உயிர்களுக்குப் பொருந்துமாயினும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்று. சுமத்திரா, போர்னியோ என்னும் தீவுகளின் காடுகளில் வாழும் ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கினத்தை ஆராய்ந்தோர் கண்டவற்றை நோக்குங்கால், அதற்கும் கல்வியுண்டென்பதும், அக்கல்வி ஒருமுறை அறுபட்டால் மீட்டல் அரிதென்பதும் விளங்கும். அவ்வினத்தைக் காப்பதென்பது உயிர்களை மாத்திரமன்றி, அவற்றின் கல்வித் தொடர்ச்சியையும் காப்பதாகும் என்பதே நாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

மலாய் மொழியில் ஒராங் என்பது மனிதனையும், ஊத்தான் என்பது காட்டையும் குறிக்கும். இவ்வனமாந்தரின் பிள்ளைப்பருவம் மிக நீண்டது. ஒரு குட்டியை ஈன்ற தாய் மறுகுட்டியை ஈனுதற்குச் சராசரி ஏழு ஆண்டுகளுக்கு மேற்செல்லும். அத்தனை காலமும் குட்டி தாயை விட்டகலாது. இந்நெடுங்காலம் வீணிற் கழிவதன்று. கனியும் இலையும் பட்டையும் பூச்சியுமாக 200-க்கும் மேற்பட்ட உணவுவகைகளை அது அறிந்துகொள்ளல் வேண்டும். எது நன்று, எது எப்பொழுது பழுக்கும், எதனை எவ்வாறு உடைப்பது என்பனவெல்லாம் அதன் பாடங்களே.

இப்பாடங்களைத் தாய் முன்வந்து கற்பிப்பதாகக் காண்பது அரிது. குட்டியே தன் முகத்தைத் தாயின் கையருகிலும் வாயருகிலும் கொண்டுசென்று இமையாது உற்றுநோக்கும். பின்னர்த் தானே முயன்றுபார்க்கும். தாய் செய்வதெல்லாம் அதனைத் துரத்தாது பொறுத்திருத்தலே. சுமத்திராவிலுள்ள சுவாக் பாலிம்பிங் என்னும் சதுப்புக் காட்டில் கரோலின் ஷுப்ளி முதலியோர் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபுகளின்படி, ஓர் உணவைப் பெறுதல் எத்துணைக் கடினமோ அத்துணை மிகுதியாகக் குட்டி உற்றுநோக்குகின்றது. நோக்கியபின் அப்பயிற்சியும் மிகுகின்றது.

கூடு கட்டுதலும் இத்தகையதே. ஒராங்குட்டான் இராத்தோறும் மரத்தின்மேற் கிளைகளை வளைத்துப் பின்னிப் புதிய படுக்கை அமைத்துக்கொள்ளும். இதனைச் செவ்வனே செய்தற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவையாகின்றது. அதே காட்டில் 17 ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புக்களைக் கொண்டு 2025-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, தாய் கூடு கட்டுவதை உற்றுநோக்கிய குட்டிகளே பின்னர் மிகுதியாக முயன்றன என்றும், அருகிலிருந்தும் நோக்காதிருந்தபொழுது அம்முயற்சி மிகவில்லை என்றும் காட்டுகின்றது. அருகிருத்தல் மாத்திரம் கல்வியாகாது என்பதை மாணாக்கராகிய நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வறிவு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதற்கு அலாஸ் ஆறு சான்று பகர்கின்றது. துரியனுக்கு உறவான நீசியா என்னும் மரத்தின் கனியில் எண்ணெய்ச் சத்து மிக்க விதைகள் உள. ஆயின் அவற்றைச் சூழ்ந்து சுணைமயிர்கள் குத்திநிற்கும். சுவாக்கில் வாழ்வன சிறு குச்சியின் பட்டையை உரித்து, அதனை வாயிற் கவ்வி, சுணையை விலக்கி விதையை எடுத்துண்ணும். ஆற்றின் மறுகரையிலும் அம்மரம் உண்டு, அவ்விலங்கும் உண்டு, குச்சிகொண்டு எடுக்கும் வழக்கமோ அங்குக் காணப்படவில்லை. அகன்ற ஆற்றை நீந்திக் கடக்க இயலாத உயிர்களின் கலை ஒரு கரையிலேயே நின்றுவிட்டது. கேரல் வான் ஷைக் முதலியோர் ஆறு இடங்களை ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இவ்வாறு மரபாக வந்தன என்று கொள்ளத்தக்க 24 செயல்களைக் குறித்துள்ளனர்.

இனி நம் கருத்திற்கு வருவோம். ஒராங்குட்டானின் மூன்று இனங்களும் அடியோடு அழியும் நிலைக்கு அணித்தாக வந்துள்ளன. 2017-ஆம் ஆண்டில் தனியினமென்று கண்டறியப்பெற்ற தப்பானுலி இனத்தில் 800-க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. காடு அழிவதாலும், குட்டியைக் கவர்தற்பொருட்டுத் தாயைக் கொல்வதாலும் நேரும் இழப்பை நாம் தலையெண்ணிக் கணக்கிடுகின்றோம். அக்கணக்கு முழுமையுடையதன்று. ஒரு தாய் மடியுங்கால், அக்காட்டைப் பற்றி அது அறிந்திருந்த அனைத்தும் உடன்மடிகின்றது.

தாயற்ற குட்டிகளை மனிதரே வளர்த்துக் காட்டில் விடலாமன்றோ என்று சிலர் வினவக்கூடும். சபா நாட்டுச் செப்பிலோக்கில் 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புகலிடம் முதலாயின இத்திருப்பணியைச் செய்து வருகின்றன. அவற்றை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும் மனிதன் மரமேறுதலையும் சில உணவுகளையும் அறிமுகப்படுத்தலாமேயன்றி, ஒரு தாய் தன் காட்டில் ஆண்டுக்கணக்காக நடத்தும் கல்வியை எங்ஙனம் முற்றும் ஈடுசெய்வான்? ஒரு கல்லூரியில் ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு தலைமுறைக்காலம் அற்றொழிந்தால், கட்டடத்தை மீண்டும் திறந்த அளவில் பழைய கல்லூரி திரும்புமோ? ஆதலின் தாயும் குட்டியும் வாழும் காட்டைக் காடாகவே நிறுத்துதல் முதற்கடமை; புகலிடம் அதற்குத் துணையே.

இக்கடமை கடல்கடந்தோர்க்கே உரியதென்று நாம் வாளாவிருத்தற்கில்லை. அத்தீவுகளின் காடுகள் குறைந்தமைக்குப் பாமாயில் தோட்டங்கள் ஒரு பெருங்காரணம்; அவ்வெண்ணெயை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. எளியோர் அடுக்களையில் அது பயன்படுதலை நாம் குறைகூறவில்லை. புதிதாகக் காட்டை அழித்து விளைவித்த எண்ணெயை வாங்கோம் என்று வணிகரும் அரசினரும் உறுதிகொள்ளும்படி கேட்டல் நம்மால் இயலாததன்று. சோப்பிலும் பிசுக்கோத்திலும் கலந்திருக்கும் எண்ணெய் எங்கிருந்து வந்ததென்று வினவும் பழக்கமேனும் கற்றோரிடத்து உண்டாதல் வேண்டும். சிருஷ்டியைப் பேணும் பொறுப்பு மனிதனிடம் ஒப்புவிக்கப்பட்டதென்று நம்புகின்ற நம் கல்லூரியார் இதனைச் சிந்தித்துப் பார்ப்பாராக.