பூவேலை ஊருக்குச் சொந்தம்
குவாத்தமாலா மலைநாட்டின் மாயா நெசவுப் பெண்களாகிய நாங்கள் ஒன்றுகூடி அறிவிக்கிறோம்: எங்கள் துணியில் மலரும் ஒவ்வொரு பூவேலையும் அதை நெய்துவரும் ஊருக்குச் சொந்தம். வெளியார் எவரும் அதைத் தம் பெயரில் பதிந்துகொள்ளக் கூடாது. எங்களில் ஒருத்தி தனியாக விற்றுவிடவும் கூடாது.

எங்கள் தறி இடுப்புத் தறி. பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவோம். மறுமுனையின் வார் இடுப்பைச் சுற்றி வரும். மண்டியிட்டுப் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் நகர்ந்தால் தளரும். பூவிழையை விரலால் கோத்து, பலகையால் ஊடையை அடித்து இறுக்குவோம். சான் அந்தோனியோ அகுவாஸ் காலியெந்தேஸ் ஊர்ப் பெண்கள், துணியின் இரு பக்கமும் பூ ஒன்றுபோலத் தெரிய நெய்வார்கள். பூ நிறைந்த ஒரு விப்பீலை, அதாவது எங்கள் மேலாடையை, நெய்து முடிக்க மாதக்கணக்காகும். அடுப்படி வேலைக்கு நடுவே நெய்ததுதானே என்று அந்த உழைப்பைக் கழித்துவிட்டுப் பேசும் விலைக்கு இனி இணங்க மாட்டோம்.

விப்பீலைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அதுவே உயிருக்கு உலை வைத்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் சுமார் இரண்டு லட்சம் பேர். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். உயிர் பிழைக்கப் பல பெண்கள் விப்பீலைக் களைந்துவிட்டு ஊரைவிட்டு ஓடினார்கள். இன்று அதே ஆடை சுற்றுலா விளம்பரங்களில் நாட்டின் முகமாக நிற்கிறது. நெய்தவளின் உரிமையைக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

பழைய விப்பீல்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வெட்டிக் கைப்பையாக்குகிறார்கள். எங்கள் பூக்களை ஆலைத் துணியில் அச்சடிக்கிறார்கள். அச்சுத் துணி வாங்கும் சகோதரியை நாங்கள் ஒரு சொல்லும் குறைசொல்ல மாட்டோம். அவள் கையிலுள்ள காசுக்கு அதுதான் கிடைக்கிறது. கேளாமல் அச்சடிப்பவர்களோடுதான் எங்கள் போராட்டம்.

2016இல் எங்கள் சகோதரிகள் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் படியேறினார்கள். மறு ஆண்டு, நெசவைக் காக்கச் சட்டம் இயற்றும்படி நீதிமன்றம் நாடாளுமன்றத்தை வலியுறுத்தியது. அந்தச் சட்டம் ஊர்களையே உரிமையாளர்களாக ஏற்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் மாட்டோம். ஊர்தோறும் நெசவாளர் அவை அமைப்போம். பாட்டிமார்களை நடுவில் உட்காரவைத்து, எந்தப் பூ எந்த ஊருடையது, யார் எப்போது உடுத்துவது என்று பதிவேட்டில் எழுதுவோம். இஷ்காகோ என்னும் பழுப்புப் பருத்தியை மறுபடி விதைப்போம். சடங்குக்குரிய பூவேலைகள் விற்பனைக்கு இல்லை. மற்றவற்றுக்கு விலையும் நிபந்தனையும் அந்தந்த ஊர் அவையே சொல்லும். எங்கள் இயக்கத்தின் தலைமைக்குக்கூட ஊர்களின் சார்பில் பேரம் பேசும் அதிகாரம் கிடையாது.