என்ஜின் ஏன் கிளம்பவில்லை?

கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது. படகு என்ஜின் கிளம்பவில்லை. நடுக்கடலில் இப்படி நேர்ந்தால் என்ன கதி?

பல வேளைகளில் கோளாறு சின்னதுதான். முதலில் நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். அதன் பாதுகாப்புக் கயிறு கழன்றிருந்தால் தீப்பொறி வராது. (இதைப் பார்க்காமல் என்ஜினைத் திட்டுகிறவர்கள் உண்டு!)

அடுத்தது பிளக். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பைபர் படகுகளில் அதில் கரி பிடிக்கும்; எண்ணெய் கசியும். துடைத்துக் காயவைத்தால் உயிர் வரலாம். இல்லாவிட்டால் புது பிளக் போட வேண்டும். அதிலும் பொறி இல்லையா? உப்பு நீர் பட்டு ஒயரோ காயிலோ கெட்டிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

குடிதண்ணீர் இல்லாமல் கடலுக்குப் போவோமா? மாற்றுப் பிளக்கும் ஸ்பேனரும் இல்லாமலும் போகக் கூடாது என்பேன். அதை மாற்றுவதற்குப் படகில் உள்ள எல்லோருமே பழகவேண்டும். ஓட்டுகிறவருக்கே காய்ச்சல் கண்டுவிட்டால்?