தட்டுவது போன், போவது யார் பணம்?

அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "இங்க எல்லாரும் போன்ல கார்டைப் போட்டு கடையில தட்டிட்டுப் போறாங்களே, அது சேஃபா?" டல்லாஸ் பக்கம் குடியேறி எட்டு வருஷமாகிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் எம்.எஸ். படிக்க வரும் பிள்ளைகளும், எச்-1பி விசாவில் வந்து இறங்கும் இளம் ஜோடிகளும் தவறாமல் கேட்கிறார்கள். ஐ.டி. ஆள் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. என் பதில்: போனில் போடுவது சேஃப்தான். ஆனால் எந்தக் கார்டைப் போட்டிருக்கிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

பெரும்பாலும் டெபிட் கார்டு என்றுதான் பதில் வரும். காரணமும் புரிகிறது. கடன் வாங்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை நாம். கிரெடிட் கார்டு என்றாலே வீட்டில் அப்பா முகம் மாறும். அது போக, 2016-ல் யூபிஐ வந்ததிலிருந்து நம்ம ஊரில் டீக்கடை முதல் நகைக்கடை வரை பணம் நேராக வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ-யில் இணைக்கும் வசதி 2022-ல் வந்துவிட்டது என்றாலும், கூகுள் பே என்றால் நம் மனதில் இன்னமும் வங்கிக் கணக்குதான்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பெயர் ஒன்று, பொருள் வேறு. இந்தியாவில் கூகுள் பே என்பது யூபிஐ-க்கு ஒரு முகப்பு. அமெரிக்காவில் அதே பெயரில் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் தனி ஆப் இருந்தது, அதை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். இப்போது இங்கே இருப்பது கூகுள் வாலெட். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் பே, அது 2014 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இரண்டுமே கார்டை வைத்துக்கொள்ளும் பர்ஸ்தான். பர்ஸுக்குள் என்ன வைக்கிறோமோ அதுதான் வெளியே வரும்.

பர்ஸ் நல்ல பர்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கார்டை போனில் சேர்க்கும்போது அதன் 16 இலக்க எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண் உருவாகி போனோடு கட்டப்படுகிறது. இதைத்தான் டோக்கன் என்கிறார்கள். கடையில் தட்டும்போது போவது அந்த மாற்று எண்ணும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசியக் குறியீடும்தான். உண்மையான கார்டு எண் கடைக்காரர் கையில் சிக்குவதே இல்லை. நாளைக்கே அந்தக் கடையின் கம்ப்யூட்டரை யாராவது உடைத்துப் புகுந்தாலும் உங்கள் எண் அங்கே கிடைக்காது. ஓட்டலில் பில் கொடுக்கும் பையன் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஐந்து நிமிஷம் கழித்து வருகிற பழக்கம் இந்த நாட்டில் இன்னும் பல இடங்களில் உண்டு. அதோடு ஒப்பிட்டால் போனில் தட்டுவது எவ்வளவோ மேல்.

ஆனால் டோக்கன் காப்பது எண்ணை. எப்படியோ திருட்டு நடந்துவிட்டால், அதற்குப் பிறகு முதலில் காணாமல் போவது யார் பணம் என்பதை டோக்கன் முடிவு செய்வதில்லை. அதைச் சட்டம் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு ஒரு சட்டம், டெபிட் கார்டுக்கு இன்னொரு சட்டம்.

கிரெடிட் கார்டை வேறு யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். நடைமுறையில் அதைக்கூட வங்கிகள் கேட்பதில்லை. வாங்கிய பொருள் வரவே இல்லை என்றாலும் பில்லில் தகராறு எழுப்பலாம், 1974-ல் வந்த சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. டெபிட் கார்டுக்கு 1978-ன் சட்டம். கார்டு தொலைந்தது தெரிந்து 2 வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை போகலாம். ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாள் ஆகியும் நீங்கள் கவனித்துச் சொல்லாவிட்டால், அதற்கு மேல் போகும் பணத்துக்கு வரம்பே இல்லை. டெபிட் கார்டுக்கும் முழுப் பாதுகாப்பு தருவதாகப் பல வங்கிகள் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் பணம் எப்போது திரும்பி வரும் என்பதுதான் விஷயம்.

என்னோடு வேலை பார்த்த ஒரு திருநெல்வேலி நண்பருக்கு நடந்தது. கேஸ் ஸ்டேஷனில் பம்பிலேயே டெபிட் கார்டைச் செருகி பின் நம்பர் போட்டிருக்கிறார். யாரோ அந்த இயந்திரத்தில் எண் திருடும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். மாதக் கடைசியில் இரண்டே நாளில் சுமார் 1,400 டாலர் கணக்கிலிருந்து உருவப்பட்டது. ஒன்றாம் தேதி வாடகை. வங்கியில் புகார் கொடுத்தார், அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள், விசாரணைக்கு 10 வேலை நாள் என்றார்கள். சட்டமே அவர்களுக்கு அந்த அவகாசத்தைத் தருகிறது. பணம் கடைசியில் முழுசாக வந்துவிட்டது. அதற்குள் வாடகைக்குத் தாமதக் கட்டணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றது, நண்பர்களிடம் கைமாற்று. கடனே வேண்டாம் என்று டெபிட் கார்டு வைத்திருந்தவர், கடன் வாங்க வேண்டியதாயிற்று!

அதே வருஷம் என் மனைவியின் கிரெடிட் கார்டிலும், நாங்கள் போயே இராத ஒரு மாநிலத்தில் யாரோ 600 டாலருக்கு ஷூ வாங்கியிருந்தார்கள். இது நீங்கள்தானா என்று மெசேஜ் வந்தது. இல்லை என்று பதில் அனுப்பினாள். அந்தத் தொகையை நிறுத்திவைத்து புதுக் கார்டு அனுப்பினார்கள். எங்கள் வங்கிக் கணக்கில் ஒரு சென்ட்கூட அசையவில்லை. திருடன் எடுத்தது வங்கியின் பணம், அதனால் வங்கிக்குத்தான் அவசரம். இங்கே போனுக்குள் வைக்க வேண்டியது கிரெடிட் கார்டுதான் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு பாதுகாப்பான பர்ஸுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. கார்டை முதன்முதலாகச் சேர்க்கும் அந்த ஒரு நிமிஷம். உங்கள் கார்டைத் திருடன் தன் போனில் சேர்த்துக்கொண்டால்? டோக்கன், ரகசியக் குறியீடு எல்லாம் அவனுக்காக விசுவாசமாக வேலை செய்யும். இரண்டு வருஷமாக நமக்கெல்லாம் வருகிறதே, "டோல் பாக்கி 6 டாலர், இன்றே கட்டாவிட்டால் அபராதம்" என்று, அந்தக் குறுஞ்செய்தியை ஏதோ ஆறு டாலர் திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்.பி.ஐ. 2024 ஏப்ரலிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. லிங்க்கைத் தட்டினால் அசல் போலவே ஒரு பக்கம் வரும், கார்டு எண் கேட்கும். கொடுத்தவுடன் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அதைத் தன் போனின் வாலெட்டில் சேர்க்கப் பார்ப்பான். வங்கி சரிபார்க்க உங்களுக்கு ஓடிபி அனுப்பும். அந்த ஓடிபியையும் அதே பக்கம் கேட்கும். அதையும் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், வங்கி அனுப்பும் அந்த மெசேஜிலேயே பெரும்பாலும் விஷயம் எழுதியிருக்கும், உங்கள் கார்டை மொபைல் வாலெட்டில் சேர்ப்பதற்கான எண் இது, யாரிடமும் பகிராதீர்கள் என்று. யாரும் படிப்பதில்லை. நாளைக்குப் பத்து ஓடிபி பார்த்துப் பழகிய கண், ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுகிறது. டோல் கட்டுவதற்கும் வாலெட்டில் கார்டு சேர்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு விநாடி நின்றால் போதும்.

இனி ஸெல், வென்மோ. இவையும் போனில்தான் இருக்கின்றன, ஆனால் ஜாதியே வேறு. 2017-ல் வந்த ஸெல் வங்கி ஆப்களுக்குள்ளேயே இருக்கிறது. "அட, நம்ம யூபிஐ மாதிரியே இருக்கே" என்று புதிதாக வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். ரூம் வாடகையில் பங்கு, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா டிக்கெட், வீட்டில் மாவு அரைத்து விற்கும் அக்காவுக்கு எட்டு டாலர், எல்லாம் இதில்தான் நடக்கிறது. தெரிந்தவர்களுக்கு அனுப்ப அருமையான வசதி. ஆனால் ஸெல்லில் கிரெடிட் கார்டை இணைக்கவே முடியாது. பணம் கணக்கிலிருந்து நேராகப் போகும். நீங்களே விரும்பி அனுப்பியதென்றால், ஏமாற்றப்பட்டு அனுப்பியிருந்தாலும், மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் உதவிக்கு வராது. சென்னையில் இருந்துகொண்டே, பார்க்காத அபார்ட்மென்டுக்கு அட்வான்ஸ் அனுப்பச் சொல்லி இங்குள்ள நண்பரிடம் கெஞ்சும் மாணவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஸெல்லை நடத்தும் நிறுவனத்தின் மீதும் மூன்று பெரிய வங்கிகள் மீதும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் வாபஸ் வாங்கிவிட்டது. ஆக, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

வென்மோவில் கிரெடிட் கார்டை இணைக்கலாம். ஆனால் அதிலிருந்து நண்பருக்குப் பணம் அனுப்பினால் 3 சதவீதக் கட்டணம். சில கார்டு வங்கிகள் அதை ரொக்கக் கடனாகவே கணக்கில் எழுதும், அப்படியானால் அன்றைய தினமே வட்டி ஓடத் தொடங்கும். கடையில் தட்டக் கிரெடிட் கார்டு, ஆளுக்கு அனுப்ப வங்கிக் கணக்கு. இதை மாற்றிச் செய்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

"கார்டு கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறீர்களா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே கிரெடிட் கார்டு வட்டி வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஒரு வலி தெரியும், போனைத் தட்டும்போது அதுகூட இல்லை. மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர்களுக்கு நான் டெபிட் கார்டே போதும் என்றுதான் சொல்வேன். திருட்டு என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். 20 சதவீத வட்டி நிச்சயமாக வரும். மற்றவர்கள், போனில் கார்டைச் சேர்க்கும் அதே நாளில் தானாகப் பணம் கட்டும் வசதியையும் போட்டுவிடுங்கள். அதில் மினிமம் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஸ்டேட்மென்ட் பேலன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரெடிட் கார்டில் நாம் தட்டும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் இரண்டு, மூன்று சதவீதம் இழக்கிறார். நம்ம இந்தியன் கிராசரி கடைகளில் "கார்டுக்குக் குறைந்தபட்சம் 10 டாலர்" என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிரெடிட் கார்டுக்கு 10 டாலர் வரை அப்படி வரம்பு வைக்க 2010-ன் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு கட்டு கறிவேப்பிலைக்கும் ஒரு தயிர் டப்பாவுக்கும் ரொக்கம் கொடுத்தால் குறைந்துபோக மாட்டோம். வால்மார்ட் விஷயம் தலைகீழ், அங்கே ஆப்பிள் பே வாங்கவே மாட்டார்கள். ஆகவே அசல் கார்டு ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

புதிதாக வந்த மாணவருக்குக் கிரெடிட் கார்டு யார் கொடுப்பார்கள்? இந்தியாவில் எத்தனை வருஷம் ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் இங்கே வழக்கமான கணக்கில் அது வராது, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பணம் கட்டி வாங்கும் கார்டு இதற்காகவே இருக்கிறது. 200, 300 டாலர் டெபாசிட் வைத்தால் அதே அளவுக்கு வரம்பு கிடைக்கும். அதைப் போனில் போட்டு, மளிகைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் தட்டி, மாதாமாதம் முழுசாகக் கட்டி வந்தால் கடன் வரலாறும் சேரும். அபார்ட்மென்ட் எடுக்கும்போதும் கார் வாங்கும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் புது மாணவர்களுக்கு வரவேற்பு வைக்கின்றன. சாம்பார் சாதம், ஒரு பாட்டு, குரூப் போட்டோ, எல்லாம் நல்லதுதான். அதில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு மாணவரைக் கூப்பிட்டு, தன் கார்டைத் தன் போனில் அங்கேயே சேர்க்கச் சொல்லலாம். வங்கியிலிருந்து மெசேஜ் வரும்போது, ஆறு இலக்கத்தை விட்டுவிட்டு மிச்சமுள்ள வரிகளை மட்டும் அவரே சத்தமாகப் படிக்கட்டும்.